பழைய காருக்கு ஸ்பேனர் செட்: அளவெடுத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

பழைய அம்பாசிடரோ பத்மினியோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ முதல் தலைமுறை மாருதி 800-ஓ வாங்கிவிட்டு, சின்னச் சின்ன வேலைகளை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று துணிகிறவர் முதலில் போய் நிற்கும் இடம் டூல்ஸ் கடை. கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து வைப்பார். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் பளபளவென்று வரிசையாக இருக்கும். நானும் அப்படி ஒரு பெட்டியைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் நின்றது 1970-களின் அம்பாசிடர். பெட்டியில் இருந்தவை அத்தனையும் மில்லிமீட்டர் அளவுகள். வாட்டர் பம்பைக் கழற்றும்போது 13 எண் ஸ்பேனர் அதன் நட்டுகளில் ஏறக்குறைய உட்கார்ந்தது. அந்த ‘ஏறக்குறைய’வால் இரண்டு நட்டுகளின் முனை மழுங்கியது, மூன்றாவதை உளி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்த வழிகாட்டி கடையிலிருந்து தொடங்கவில்லை, வண்டியிலிருந்து தொடங்குகிறது.

முதலில்: உங்கள் வண்டி எந்த அளவு முறையில் செய்யப்பட்டது?

இந்தியச் சாலைகளில் ஓடிய பழைய கார்களை, ஸ்பேனர் பிடிக்கிறவரின் கண்ணோடு பார்த்தால், இஞ்சு வண்டிகள், மில்லிமீட்டர் வண்டிகள், இரண்டும் கலந்த வண்டிகள் என்று பிரிக்கலாம்.

அம்பாசிடர் இஞ்சு வண்டி. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வார்ப்புகளை வைத்து, 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. அதில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் வடிவமைப்பு. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டிலிருந்து வந்ததால் இஞ்சு வண்டியே. வில்லிஸ் வழி வந்த பழைய மகிந்திரா ஜீப்பும் அமெரிக்க மரபில் இஞ்சுதான்.

பத்மினி இத்தாலிய ஃபியட் 1100-இன் வாரிசு. அது மில்லிமீட்டர் வண்டி. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 ஜப்பானிய சுசூகியின் வடிவமைப்பு, அதுவும் மில்லிமீட்டர்தான். ஆனால் இந்த இரண்டு மில்லிமீட்டர்களும் ஒன்றல்ல என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. 8 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டின் தலை ஐரோப்பிய வழக்கில் 13 மி.மீ. இருக்கும், ஜப்பானிய வழக்கில் பெரும்பாலும் 12. 10 மி.மீ. போல்ட்டுக்குப் பழைய ஐரோப்பியத் தலை 17, பிற்காலத்து சர்வதேசத் தரத்தில் 16, ஜப்பானில் 14. எனவே மாருதியில் 10, 12, 14, 17 எண்கள் கையிலேயே இருக்கும். 13-ஐத் தேடும் வேலை அபூர்வம். பத்மினியில் 13-ம் 17-ம் இல்லாமல் நகர முடியாது.

கலப்பு வண்டிகள்தாம் ஆளைக் குழப்பும். 1990-களில் அம்பாசிடருக்குள் 1800 சி.சி. இசுசூ எஞ்சின் வந்தது. அந்த எஞ்சினும் அதனுடன் வந்த கியர்பாக்ஸும் மில்லிமீட்டர். உடலும் சஸ்பென்ஷனும் பல இடங்களில் பழைய இஞ்சுக் கணக்கையே தொடர்ந்தன. பியூஜோ டீசல் எஞ்சின் வைத்த ஜீப்புகளிலும் இதே கதைதான். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர் இரண்டு செட்டும் வாங்கியே ஆக வேண்டும் என்பதை இப்போதே மனத்தில் ஏற்றிக்கொள்வது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்பது ஆண்டுகள் பல பட்டறைகளுக்குப் போய்வந்த வண்டியில், அந்தந்த நேரத்தில் மெக்கானிக்கின் தகர டப்பாவில் என்ன போல்ட்டு கிடைத்ததோ அதுவே ஏறியிருக்கும். என் வண்டியின் டைனமோவைத் தாங்கும் பிராக்கெட்டில் மூன்று போல்ட்டுகள்; மூன்றுக்கும் மூன்று ஸ்பேனர்கள் தேவைப்பட்டன. புத்தகத்தில் உள்ள பட்டியல் தொடக்கத்துக்கு உதவும், ஆனால் இறுதித் தீர்ப்பை வண்டியே சொல்ல வேண்டும்.

அளவெடுக்கும் முறை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். வேண்டியவை: ஒரு டிஜிட்டல் வெர்னியர், ஒரு பழைய டூத் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு நோட்டு. நட்டின் மேல் படிந்த கிரீஸையும் பெயின்ட்டையும் தேய்த்து நீக்கிவிட்டு, எதிரெதிரான இரண்டு தட்டைப் பக்கங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். மூலைக்கு மூலை அளக்கக் கூடாது. ஒரே நட்டை மூன்று பக்கங்களிலும் அளந்து, மிகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பக்கங்கள் முன்னவர் கையில் தேய்ந்திருக்கும்.

வெர்னியர் 11.1 காட்டினால் அது 7/16 இஞ்சு. 12.7 என்றால் 1/2 இஞ்சு, 14.3 என்றால் 9/16, 15.9 என்றால் 5/8, 17.5 என்றால் 11/16, 19.05 என்றால் 3/4. எண்கள் 10, 12, 13, 14, 17 ஆகியவற்றையோ அவற்றுக்குச் சற்றே கீழேயோ தொட்டு நின்றால் மில்லிமீட்டர். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். 3/4 இஞ்சும் 19 மில்லிமீட்டரும் ஏறத்தாழ ஒன்றே. 5/16 இஞ்சுக்கு 8 எண் போதும். 5/8-க்கு 16 எண் பரவாயில்லை. ஆனால் அம்பாசிடரிலும் ஹெரால்டிலும் அதிகம் கை போகும் 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்றுக்கும் மில்லிமீட்டரில் சரியான ஜோடி கிடையாது. 1/2-இல் 13 எண் ஆடும். 7/16-இல் 11 எண் பல நேரம் ஏறவே ஏறாது. 9/16-இல் 14 ஏறாது, 15 வழுக்கும். ‘எம்.எம். செட் ஒன்று போதும் சார், எல்லாத்துக்கும் சேரும்’ என்று சொல்லும் கடைக்காரர் இந்த மூன்று அளவுகளையும் மறந்துவிட்டுப் பேசுகிறார்.

போல்ட்டின் தலையிலும் தடயம் இருக்கும். 8.8 என்பதைப் போன்ற எண் பொறித்திருந்தால் அது மில்லிமீட்டர் போல்ட்டு. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் சிறு வட்டங்கள் இருந்தால் அது யுனிஃபைடு மரை போட்ட பிரிட்டிஷ் போல்ட்டு. அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 1948-இல் ஒப்புக்கொண்ட பொது மரை முறைக்குத்தான் யுனிஃபைடு என்று பெயர். அம்பாசிடரின் எஞ்சின் அதற்குப் பிந்தியது என்பதால் அதன் பெரும்பகுதி இந்த முறையில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 5/16 இஞ்சு போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; கண்ணுக்கு அது 8 மி.மீ. போல்ட்டேதான். ஆனால் முன்னதன் நெருக்கமான வகையில் ஓர் இஞ்சுக்கு 24 மரைகள். பின்னதில் ஏறத்தாழ 20. ஒன்றின் நட்டை மற்றொன்றில் வலிந்து ஏற்றினால் இரண்டு சுற்று போகும், மூன்றாவதில் மரையைத் தின்றுவிடும். ஐயம் வரும்போது பார்க்க, மரை அளக்கும் சிறு தகடுகள் அடங்கிய பிட்ச் கேஜ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது வீண் செலவாகாது.

விட்வொர்த் என்னும் பழைய புதிர்

1950-களுக்கு முந்தைய ஆங்கிலேய வண்டியோ, எஸ்.யூ. கார்புரேட்டர் போன்ற பழைய மரபில் வந்த பாகமோ கையில் இருந்தால் மூன்றாவதாக ஓர் அளவு முறை எதிர்ப்படும். ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரை முறை அது. அதற்கான ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண், வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை; அது எந்த விட்டமுள்ள போல்ட்டுக்கு உரியதோ அந்த விட்டத்தைக் குறிக்கிறது. அதனால் 1/4 என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரின் வாய் கால் இஞ்சாக இருக்காது, 0.525 இஞ்சு, அதாவது 13.3 மி.மீ. இருக்கும். போதாக்குறைக்கு பி.எஸ்.எஃப். என்னும் நெருக்க மரை முறையில் அதே வாய்க்கு 5/16 என்று பெயர். பழைய ஸ்பேனர்களில் இரண்டு எழுத்தும் சேர்ந்தே பொறித்திருப்பதற்கு இதுவே காரணம்.

லூகாஸ் என்னும் பிரிட்டிஷ் மின்பாக நிறுவனத்தின் மரபில் வந்த டிஸ்ட்ரிபியூட்டர், ரெகுலேட்டர் ஆகியவற்றின் நுண்ணிய நட்டுகளில் பி.ஏ. என்னும் இன்னொரு வரிசை உண்டு. சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1961-இல் தொடங்கப்பட்டபின் இந்த வகைப் பாகங்கள் நம் ஊரிலேயே தயாராயின. 2 பி.ஏ. நட்டுக்கு 8.2 மி.மீ. வாயும், 4 பி.ஏ. நட்டுக்கு 6.3 மி.மீ. வாயும் வேண்டும். இவற்றுக்கென்று தனிச் செட்டைத் தேடி அலைய வேண்டாம். இந்த இரண்டு அளவுகளில் சிறு ஸ்பேனர்கள் கிடைத்தால் அம்பாசிடர்காரருக்குப் பல ஆண்டுகள் போதும்.

எந்த வடிவம் எந்த வேலைக்கு

நட்டைச் சுற்றி முழுதாகப் பிடிப்பது ரிங் ஸ்பேனர். இரண்டு பக்கம் மட்டும் பிடிப்பது டபுள் எண்ட் எனப்படும் திறந்த வாய் ஸ்பேனர். ஒரு முனையில் ரிங்கும் மறுமுனையில் திறந்த வாயும் உள்ளது காம்பினேஷன் ஸ்பேனர். இறுகிய நட்டை முதலில் அசைக்க ரிங், அசைந்தபின் வேகமாகக் கழற்றத் திறந்த வாய். இந்த ஒழுங்கை மீறுவதால்தான் பழைய வண்டிகளின் நட்டுகள் பாதி வீணாகின்றன. திறந்த வாயின் தலை 15 பாகை சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடுக்கில் கொஞ்சம் திருப்பி, ஸ்பேனரைக் கவிழ்த்துப் போட்டு, மறுபடி கொஞ்சம் திருப்புவதற்காகவே அந்தச் சாய்வு.

நம் ஊரில் ரிங் ஸ்பேனர்கள் பெரும்பாலும் இரண்டு அளவுகள் ஜோடியாக வரும்: 10-க்கு 11, 12-க்கு 13, 14-க்கு 15, 16-க்கு 17, 18-க்கு 19 என்று. எட்டு உருப்படி செட்டில் 6-லிருந்து 22 வரை பெரும்பாலான அளவுகள் அடங்கிவிடும். நட்டு ஒரு பக்கமும் போல்ட்டுத் தலை மறுபக்கமும் இருக்கும் இடங்களில் ஒரே அளவில் இரண்டு ஸ்பேனர் வேண்டும். புதியவர்கள் முதல் வேலையிலேயே மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு ரிங் செட், ஒரு டபுள் எண்ட் செட் என்று இரண்டாக வாங்கினால் ஒவ்வோர் அளவிலும் தானாகவே இரண்டு கிடைத்துவிடும். ஒரே ஒரு காம்பினேஷன் செட் வாங்கினால் கிடைக்காது. இதனால்தான் பழைய வண்டிக்காரருக்குக் காம்பினேஷன் செட்டை முதலில் வாங்கச் சொல்வதில்லை.

இனி சாக்கெட். நம் பட்டறைகளில் இதைப் பாக்ஸ் என்றும் சொல்வார்கள். சாக்கெட்டின் பின்னால் உள்ள, டிரைவ் எனப்படும் சதுரத் துளைக்கு 1/4, 3/8, 1/2 இஞ்சு என்று அளவுகள் உண்டு. மில்லிமீட்டர் செட்டிலும் இந்தச் சதுரம் மட்டும் இஞ்சுதான். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது அரை இஞ்சு டிரைவ். சிலிண்டர் ஹெட், சஸ்பென்ஷன், சக்கரம் எல்லாவற்றுக்கும் அது தாங்கும். ஆனால் கார்புரேட்டரைச் சுற்றிய இடுக்குகளில் அது பருமன். அங்கே 3/8 டிரைவ் கையில் இருந்தால் வேலை சுகமாக நடக்கும். பணம் ஒரு செட்டுக்கு மட்டுமே என்றால் அரை இஞ்சு.

சாக்கெட்டின் உட்புறம் ஆறு முனையாகவும் இருக்கும், பன்னிரண்டு முனையாகவும் இருக்கும். பன்னிரண்டு முனை எந்தக் கோணத்திலும் எளிதில் உட்காரும். ஆனால் நட்டின் மூலைகளுக்கு மிக அருகில் அழுத்தும். ஆறு முனை தட்டைப் பக்கங்களில் அகலமாக அழுத்தும். துருப்பிடித்த, ஏற்கெனவே முனை தேய்ந்த நட்டுகள் நிறைந்த வண்டிக்கு ஆறு முனைச் சாக்கெட்டையே வற்புறுத்திக் கேளுங்கள். கடைக்காரர் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்பார். புது வண்டிக்கு அது உண்மையாகவும் இருக்கலாம்.

சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டின் உள்ளே பல்சக்கரம் இருக்கிறது. 24 பல் உள்ள ராட்செட் அடுத்த பிடிப்புக்கு 15 பாகை திரும்ப வேண்டும். 72 பல் உள்ளதற்கு 5 பாகை போதும். அம்பாசிடரின் எஞ்சின் அறையில் ஆள் இறங்கி நிற்கலாம் என்பது பழைய வேடிக்கை. அந்த விசாலத்தில் 24 பல்லே தாராளம். மாருதியில் எஞ்சின் குறுக்காக, நெருக்கமாக உட்கார்ந்திருப்பதால் நுண்பல் ராட்செட் நன்றாக உதவும். எதுவாயினும், இறுகிய நட்டை முதலில் அசைக்க ராட்செட்டைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு டி பாரோ நீள பாரோ வேண்டும். பல் முறிந்த ராட்செட்டைப் பழுதுபார்க்கும் செலவில் நல்ல டி பார் இரண்டு வாங்கலாம்.

கடையில் தரம் பார்க்கும் விதம்

உங்கள் வண்டியிலிருந்தே கழற்றி, நன்றாகத் துடைத்த போல்ட்டுகள் நான்கைந்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வெர்னியரும் கூடவே வரட்டும். ஸ்பேனரை அந்தப் போல்ட்டில் மாட்டி லேசாக இடமும் வலமும் அசைத்தால் ஒரு நூலளவு ஆட்டம் இருக்கலாம். இருக்க வேண்டும்கூட, இல்லாவிட்டால் பெயின்ட் பூசிய நட்டில் ஏறாது. 13 எண் வாயை வெர்னியரால் அளந்தால் 13-க்குக் குறையாமலும் 13.25-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். வாயின் ஆழத்திலும் விளிம்பிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். விளிம்பில் விரிந்திருந்தால் அந்த ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். முழு விசையோடு இழுக்கும்போது அது இன்னும் விரியும்.

‘குரோம் வனேடியம்’ என்ற எழுத்து இன்று எல்லாக் கருவியிலும் பொறிக்கப்படுகிறது. அந்த எழுத்தை நம்பி வாங்குவதில் பொருளில்லை. வனேடியம் கலந்த எஃகு நல்ல எஃகே. ஆனால் அதைக் காய்ச்சி அடித்து வடித்த விதமும், பின்னர் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்திய விதமும்தான் ஸ்பேனரின் குணத்தை முடிவுசெய்கின்றன. பதம் குறைந்தால் வாய் விரியும், பதம் மிகுந்தால் உடையும். இதைக் கடையில் கண்ணால் அறிய முடியாது. அதனால்தான் தயாரிப்பாளரின் பெயரும், இந்தியத் தர எண்ணும் முக்கியமாகின்றன: திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029. நாசிக்கில் ஆலை வைத்திருக்கும் டபாரியா, நெடுங்காலமாகப் பட்டறைகளில் புழங்கும் ஜலானி, கைக்கருவித் தொழிலுக்குப் பேர்போன ஜலந்தரிலிருந்து வரும் நல்ல பெயர்கள் ஆகியவை நம் வேலைக்குப் போதும் என்பது என் எண்ணம். ஜெர்மன், ஜப்பான் கருவிகள் இன்னும் மெல்லிய தலையும் நேர்த்தியான பிடியும் கொண்டவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வாரம் ஒருமுறை வண்டியைத் திறப்பவருக்கு அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஜாக்கி ஸ்டாண்டு ஜோடி அதிகப் பயன் தரும்.

கண்ணாலும் கையாலும் அறியக்கூடியவை சில உண்டு. ரிங்கின் சுவர் சுற்றிலும் ஒரே கனமாக இருக்கிறதா, துளை நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சுவர் மெல்லியதாக இருப்பது குறையல்ல, நல்ல எஃகுக்கு அது பெருமை. பருத்த சுவர் பல நேரம் மோசமான எஃகை மறைக்கும் போர்வை, அதுவும் இடுக்கில் நுழையாது. குரோம் பூச்சு கொப்புளமோ உதிர்வோ இல்லாமல் இருக்க வேண்டும். உதிரும் பூச்சு கத்திபோல் விரலைக் கீறும். எண் ஆழமாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்டிக்கரிலோ மையிலோ எழுதிய எண் ஒரு மாத மண்ணெண்ணெய்க் குளியலில் அழிந்துவிடும். போலிகளும் உலவுகின்றன, பொறித்த பெயரில் எழுத்து கோணலாகவோ ஒரு எழுத்து மாறியோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடுங்கள்.

எந்த வரிசையில் வாங்குவது

அம்பாசிடர், ஹெரால்டு போன்ற இஞ்சு வண்டிக்கு: முதலில் 1/4-லிருந்து 7/8 வரை இஞ்சு ரிங் செட், அதே வரிசையில் டபுள் எண்ட் செட். கடையில் கேட்கும்போது ‘ஏ.எஃப். இஞ்சு செட்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்; ஏ.எஃப். என்றால் தட்டைப் பக்கங்களுக்கு இடையே எடுத்த அளவு. வெறும் ‘இஞ்சு’ என்றால் பழைய கடைகளில் விட்வொர்த் செட் கைக்கு வந்துவிடக்கூடும். பத்மினிக்கு 6-லிருந்து 22 வரை மில்லிமீட்டர் ரிங், டபுள் எண்ட். மாருதி 800-க்கும் அதுவே; பணம் குறைவானால் 8, 10, 12, 14, 17, 19 எண்கள் அடங்கும்படி உதிரியாக வாங்கித் தொடங்கலாம்.

இரண்டாவதாக அரை இஞ்சு டிரைவ் சாக்கெட் செட், ஆறு முனை, உங்கள் வண்டியின் அளவு முறையில். அதில் ஒரு நீள எக்ஸ்டென்ஷனும் ஒரு குட்டை எக்ஸ்டென்ஷனும் இருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் சாக்கெட்டைத் தனியாகப் பாருங்கள்: இந்தத் தலைமுறைக் கார்களின் 14 மி.மீ. மரைப் பிளக்குக்கு 13/16 இஞ்சு அல்லது 21 எண் சாக்கெட், உள்ளே ரப்பர் வளையத்தோடு. மாருதியின் ஹெட் அலுமினியம் என்பதால் பிளக்கை முதல் சில சுற்று கையாலேயே ஏற்றிவிட்டு, பிறகுதான் சாக்கெட்டைத் தொட வேண்டும்.

மூன்றாவது, பலரும் தவிர்த்துவிட்டுப் பின்னர் வருந்தும் பொருள்: பிரேக் குழாய் நட்டுக்கான ஃபிளேர் ஸ்பேனர். பார்ப்பதற்கு ரிங் ஸ்பேனரின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டதுபோல் இருக்கும். குழாய் அந்த வெட்டு வழியாக உள்ளே போனதும் நட்டின் ஐந்து பக்கங்களையும் பிடித்துக்கொள்ளும். மென்மையான பிரேக் நட்டில் திறந்த வாயை மாட்டினால் ஒரே இழுப்பில் உருண்டையாகிவிடும். பிறகு நட்டோடு குழாயும் போகும். பிரேக்கில் ஒப்பேற்றல் கூடாது. அம்பாசிடருக்கு 7/16, மாருதிக்கு 10 எண் பொதுவாக வேண்டியிருக்கும். வாங்கும் முன் அளந்துவிடுங்கள்.

டார்க் ரென்ச் நான்காவது. ஹெட் நட்டுகளைச் சம இறுக்கத்தில் முடுக்க இது இல்லாமல் முடியாது. அரை இஞ்சு டிரைவ், ‘கிளிக்’ வகை போதும். பழைய பிரிட்டிஷ் கையேடுகள் அடி-பவுண்டிலும், பழைய இந்திய, ஜப்பானியக் கையேடுகள் கிலோகிராம்-மீட்டரிலும் எண் தரும். இன்றைய கருவி நியூட்டன்-மீட்டரில் பேசும். 1 கிலோகிராம்-மீட்டர் என்பது 9.81 நியூட்டன்-மீட்டர், அதாவது 7.23 அடி-பவுண்டு. இந்த ஒரு வரியைக் கருவிப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவைத்தால் பெரும் தவறுகள் நேராது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்த எண்ணுக்குத் திருப்பிவைக்க வேண்டும்; இல்லையேல் உள்ளே ஸ்பிரிங் அழுந்தியே கிடந்து பொய் சொல்லத் தொடங்கும்.

கிராங்க் புல்லி, பின் ஆக்சில் போன்ற இடங்களின் பெரிய நட்டுகளுக்கு முன்கூட்டியே எதுவும் வாங்காதீர்கள். அந்த வேலை வரும்போது அந்த ஒரு சாக்கெட்டை மட்டும் உதிரியாக வாங்கலாம். வாயின் அகலத்தை மாற்றக்கூடிய ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று இருக்கட்டும், ஆனால் அதை எஞ்சின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பழைய கருவிகள் கிடைத்தால்

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிப் பாகங்களுக்கு நடுவே, பழைய ஆங்கிலேய, ஜெர்மன் ஸ்பேனர்கள் சில நேரம் எண்ணெய்க் கறையோடு கிடக்கும். விட்வொர்த் அளவு தேவைப்படுகிறவருக்கு இத்தகைய இடங்களை விட்டால் வேறு வழி குறைவு. மேலோட்டமான துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஓரிரு நாள் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். பார்க்க வேண்டியது வாய். அதன் இரு தாடைகளும் இணையாக இருக்கின்றனவா, யாராவது அரம் வைத்து அகலப்படுத்தியிருக்கிறார்களா, தலைக்கும் தண்டுக்கும் இடையே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெல்டிங் செய்து நீட்டிய ஸ்பேனரையும் காய்ச்சி வளைத்த ஸ்பேனரையும் வாங்க வேண்டாம். சூடு பட்ட இடத்தில் பழைய பதம் போயிருக்கும். பழைய ராட்செட்டும் பழைய டார்க் ரென்ச்சும் கூடவே கூடாது.

முதல் நட்டைத் தொடும்போது

எவ்வளவு நல்ல ஸ்பேனரும் துருவுக்கு எதிரே தனியாக வெல்லாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டுகள்தாம் பழைய காரில் மிக மோசமானவை. முதல் நாள் இரவே பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊறவைத்து, மறுநாள் மீண்டும் விட்டு, பிறகு தொடுங்கள். கழற்றும் முன் இம்மி அளவு இறுக்கிப் பார்த்தால் துருவின் பிடி உடையும். அதன்பின் தளர்த்துவது எளிது. ஸ்பேனரை உங்களை நோக்கி இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டிய இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துத் தள்ளினால், நழுவும்போது விரல் முட்டிகள் தப்பிக்கும். ஸ்பேனரின் வாலில் பைப் மாட்டி நீட்டுவது பட்டறைகளில் அன்றாடக் காட்சி. 3/8 இஞ்சு போல்ட்டை அப்படி இழுத்தால் போல்ட்டின் தலை கையோடு வரும், உடல் வார்ப்புக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்க லேத்துப் பட்டறைக்குப் போக வேண்டும்.

கருவிகளை வைத்துக்கொள்வது

கடற்கரை ஊரில் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து வைக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டையும் மறுநாள் துடைத்துவிடுங்கள். என் 9/16 ரிங்கில் பூச்சு உதிர்ந்திருந்த இடத்தில் பொட்டின் ஈரம் தங்கி, அதே வட்டத்தில் துரு பிடித்திருக்கிறது.

பெட்டியைவிடக் கான்வாஸ் சுருள் உறை நல்லது. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு பை தைத்து, பையின் மேல் அளவை எழுதி, இஞ்சு செட்டுக்கு ஒரு நிறத்திலும் மில்லிமீட்டர் செட்டுக்கு வேறு நிறத்திலும் நாடா கட்டிவிட்டால் அவசரத்தில் 1/2-க்குப் பதில் 13 கைக்கு வராது. பானெட்டை மூடும் முன் சுருளை விரித்துப் பாருங்கள். ஒரு பை காலியாக இருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த ஸ்பேனர் பெரும்பாலும் பேட்டரித் தட்டின் ஓரத்திலோ ஃபேன் பெல்ட்டுக்கு மேலேயோ இருக்கும்.